அம்மா பிறந்த ஊருக்கு விசா: மறைக்க வேண்டியது எதுவும் இல்லை

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, அதன் சாரத்தை முதலில் சொல்கிறேன்.

அவர் ஒரு பள்ளியில் ஆசிரியை. வயது நாற்பத்தாறு. அவருடைய அம்மாவுக்கு எழுபத்திரண்டு. அம்மா பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). 1973இல், இருபது வயதில், பெற்றோரோடும் தம்பிகளோடும் கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார் வந்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கியிருந்து, பின்னர் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டத்தில் வேலை கிடைத்து நீலகிரிக்கு வந்தவர். முப்பது வருடத்துக்கும் மேல் இலை பறித்து ஓய்வு பெற்றார். ஒரே தங்கை மட்டும் அங்கேயே தங்கிவிட்டார். அவரைக் கட்டிய குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்குப் பதிந்திருந்தது. கப்பலேறிய நாளுக்குப் பிறகு அக்காளும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போது தங்கைக்குச் சிறுநீரகக் கோளாறு. "அக்கா, ஒரு முறை முகத்தைக் காட்டிவிட்டுப் போ" என்று வீடியோ அழைப்பில் அழுதிருக்கிறார்.

மகள் அன்றிரவே செல்பேசியில் தேடி, முதலில் வந்த இணையதளத்தில் அம்மாவுக்கும் தனக்கும் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டார். ஆளுக்கு 7,450 ரூபாய் வீதம் 14,900 ரூபாய் டெபிட் கார்டிலிருந்து போயிருக்கிறது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தோடு ஆதார் அட்டையையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டார். பத்து நாளாகியும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே மின்னஞ்சல்தான். நிதானமாகப் பார்த்தபோது, அம்மாவின் பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து 'ஓ' அடித்திருப்பதும், தன் பெயரை இனிஷியலோடு எழுதியிருப்பதும் தெரிந்தன.

அதற்குப் பிறகு ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் இருப்பவர், "பிறந்த ஊர் இலங்கை என்று போட்டால் வில்லங்கம், கோத்தகிரி என்று போடுங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே மாற்றிவிடலாம்" என்றாராம். கூடலூரில் இருக்கும் மாமா, "அங்கே பிறந்தவளுக்கு எதற்கு விசா?" என்கிறார். சக ஆசிரியை ஒருவர், "சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புவார்கள்" என்கிறார். அம்மாவுக்கோ வேறு பயம்: தன்னை அகதி என்று நினைத்துத் திரும்பி வர விடாமல் செய்துவிட்டால்? இதற்கிடையே, இன்னும் மூன்று மாதத்தில் வரும் பள்ளி விடுமுறைக்கு இப்போதே விமான டிக்கெட் எடுத்தால் மலிவு என்று கணவர் அவசரப்படுத்துகிறார். அம்மாவின் பாஸ்போர்ட் இன்னும் ஏழு மாதத்தில் முடிகிறது என்பதைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உங்கள் பயணத்தைத் தடுக்கக்கூடியது.

இலங்கைக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து நீங்கள் புறப்பட்டால் அம்மாவின் பாஸ்போர்ட்டில் நான்கு மாதம்தான் மிஞ்சியிருக்கும். விசா கையில் இருந்தாலும், விமான நிறுவனத்தின் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே முதல் வேலை அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது. நீலகிரி மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. முப்பத்தாறு பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000 ரூபாய். மூன்று மாத அவகாசம் இருக்கும்போது தட்கலுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

புதிய புத்தகம் வந்தால் எண்ணும் புதிது. விசா அனுமதி அந்த எண்ணோடு கட்டப்பட்டது. பழைய எண்ணுக்கு வாங்கிய அனுமதி புதிய புத்தகத்துக்குச் செல்லாது. அதனால் முதலில் பாஸ்போர்ட், அடுத்து விசா, அதற்கும் அடுத்து டிக்கெட். கணவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். முன்கூட்டியே டிக்கெட் எடுத்து இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் மொத்த டிக்கெட்டையும் இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறந்த இடத்தை ஒருநாளும் மாற்றாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது பிரவுசிங் சென்டர்காரர் சொன்ன யோசனைதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். 'சிலோன்காரர்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு, பிறந்த ஊரை வாய்விட்டுச் சொல்லவே தயங்கும் பழக்கம் இந்த மலையில் ஒரு தலைமுறைக்கே வந்துவிட்டது. ஆனால் அந்த யோசனையைக் கேட்டால் உங்கள் அம்மா வாழ்க்கையில் முதல் முறையாகச் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவார். பாஸ்போர்ட் வாங்குவதற்குத் தெரிந்தே பொய்த் தகவல் தருவது 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அப்படி வாங்கிய பாஸ்போர்ட்டை முடக்கவும் ரத்துசெய்யவும் அதே சட்டத்தில் இடமுண்டு. விசாப் படிவத்தில் மட்டும் மாற்றி எழுதினாலும், அதிகாரியின் கையில் இருக்கும் புத்தகத்தில் ஹட்டன் என்றும் அவர் திரையில் இந்தியா என்றும் இருக்கும். இல்லாத சந்தேகத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். இதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் குடிமக்களாக ஏற்பது என்று முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. உங்கள் அம்மா அந்த ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிமகளாகப் பதிவாகி, இந்திய பாஸ்போர்ட்டோடு கப்பலேறியவர். இந்த மலையில் டான்டீ தொடங்கப்பட்டதே அவரைப் போன்றவர்களுக்கு வாழ்வு தருவதற்காகத்தான். அரசு ஏடுகளில் அவருடைய பெயர் 'தாயகம் திரும்பியோர்'. 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பி வந்து முகாம்களில் பதிவான அகதிகளின் நிலை வேறு. அவர்கள் நாட்டைவிட்டுப் போக வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சிரமங்களுக்கு இன்னும் முடிவு வரவில்லை என்பது எனக்கு வேதனை. ஆனால் உங்கள் அம்மா அந்த வரிசையில் இல்லை. இந்த நாட்டில் எனக்கு என்ன உரிமையோ அதே உரிமை அவர்களுக்கும் உண்டு. செல்லுபடியாகும் இந்திய பாஸ்போர்ட்டோடு திரும்பி வரும் குடிமகளை நாட்டுக்குள் விடாமல் நிறுத்த யாராலும் முடியாது.

தாயகம் திரும்பியோரின் வழக்குகளுக்காக ஊட்டி நீதிமன்றத்துக்கு வரும் பெரியவர்கள் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுப்பார்கள். உள்ளே, தாயகம் திரும்பியபோது தந்த அந்தக் காலத்துக் குடும்ப அட்டை நான்காக மடித்திருக்கும். மடிப்பு ஓடிய இடமெல்லாம் எழுத்து தேய்ந்து, மூலையில் குண்டூசி துருப்பிடித்து, தாளே பழுப்பேறியிருக்கும். தொட்டால் கிழியுமோ என்று நானே பயந்து பயந்துதான் பிரிப்பேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்றும், கண்டியில் வாங்கிய பழைய பாஸ்போர்ட்டும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் தெளிவாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது குடியுரிமை பற்றி யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவைதான் ஆதாரம். இலங்கைக்குப் போகும்போது அசலை எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே அவை தேவைப்படாது. தொலைந்தால் திரும்பக் கிடைக்கவும் கிடைக்காது.

கூடலூர் மாமா சொல்வது பாசத்தில் சொல்வது. சட்டம் அப்படி இல்லை. ஒருவர் இலங்கையில் பிறந்தார் என்பதற்காக மட்டும் குடியுரிமை தருவதில்லை என்று 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வைத்ததால்தானே மலையகத்துத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்? அந்த வலியிலிருந்து வந்ததுதான் அம்மாவின் கப்பல் பயணமே. இன்று அவர் இந்தியக் குடிமகள். மற்ற இந்தியர்களைப் போலவே முன்அனுமதி வாங்கித்தான் போக வேண்டும்.

உறவினரைப் பார்ப்பதும் சுற்றுலா விசாவுக்குள்தான்

சக ஆசிரியையின் கவலைக்கு எளிய பதில் உண்டு. இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியை இ.டி.ஏ. என்பார்கள். 2012 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சுற்றுலாப் பிரிவுக்குள்ளேயே ஊர் சுற்றிப் பார்ப்பது, உறவினர் நண்பர்களைப் பார்ப்பது, மருத்துவச் சிகிச்சை எடுப்பது போன்ற நோக்கங்கள் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் 'உறவினர்' என்பதையே தேர்ந்தெடுங்கள். கொழும்பில் குடிவரவு அதிகாரி கேட்டால், "என் தங்கையைப் பார்க்கப் போகிறேன், டிக்கோயாவில் இருக்கிறாள்" என்று அம்மா தமிழிலேயே சொல்லட்டும். மனப்பாடம் செய்த பொய்யைச் சொல்லும்போதுதான் நாக்குக் குழறும். சின்னம்மாவின் முழு முகவரி, தொலைபேசி எண், அவர் கைப்பட எழுதிய ஓர் அழைப்புக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட், செலவுக்குப் பணம் இருப்பதற்கான வங்கிச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு அம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இ.டி.ஏ. என்றதும் பெரிதாக நினைத்து மிரள வேண்டாம். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர்க்காரர்கள் நம் மலைக்கு வர இ-பாஸ் எடுக்கிறார்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதே போன்ற முறைதான். யார், எத்தனை நாள், எங்கே தங்குகிறார் என்று முன்கூட்டியே தெரிவித்து ஒரு தாளை வாங்கிக்கொள்வது. தூதரகத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பவும் வேண்டாம். ஆனால் ஒன்று: அனுமதித் தாள் வந்தாலும், உள்ளே விடுவதா என்ற கடைசி முடிவு விமான நிலைய அதிகாரியுடையது. அதற்காகத்தான் மேலே சொன்ன உறை.

அம்மா பத்தாம் வகுப்பு படிக்காததால் தனியாக ஏதோ அனுமதி வேண்டுமாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த அனுமதி 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. ஐம்பது வயது கடந்தவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடே கிடையாது.

போன பணம், போன தாள்கள்

நீங்கள் பணம் கட்டிய தளம் இலங்கை அரசுடையது இல்லை. நீங்கள் அனுப்பிய படங்களில் முகவரியைப் பார்த்தேன். இலங்கை அரசுத் தளங்களின் முகவரி 'ஜிஓவி புள்ளி எல்கே' என்று முடியும். உங்களுடையது அப்படி முடியவில்லை. தேடலில் மேலே வந்தது விளம்பரமாக வந்ததுதான். பக்கத்தின் ஓரத்தில் இலங்கைக் கொடியும் சிங்கமும் இருந்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள். உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்துங்கள். அதிலும் இலங்கை விசாவில் குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. 2024 ஏப்ரலில் முழு முறையையும் தனியார் கூட்டு ஒன்றிடம் கொடுத்து இணைய முகவரியையே மாற்றினார்கள். ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றம் அதை இடைக்காலமாக நிறுத்தியது. செப்டம்பர் கடைசியில் பழைய இ.டி.ஏ. முறை திரும்பியது. இந்தியர்களுக்கான கட்டணமும் இடையில் தள்ளுபடி, பிறகு மாற்றம் என்று பலமுறை மாறியிருக்கிறது. அதனால் நண்பர் சொன்ன தொகையையோ பழைய காணொலி சொன்ன தொகையையோ நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளத்திலேயே பாருங்கள்.

இப்படிப்பட்ட தளங்கள் இரண்டு வகை. ஒரு வகை, நம் சார்பில் உண்மையிலேயே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பெரிய சேவைக் கட்டணம் வாங்கும் தரகர்கள். பொடி எழுத்தில் "நாங்கள் அரசு அமைப்பல்ல" என்று போட்டிருப்பார்கள். இன்னொரு வகை, பணத்தையும் தாள்களையும் வாங்கிக்கொண்டு எதையும் அனுப்பாத மோசடிக்காரர்கள். உங்களுடையது எந்த வகை என்று அறிய வழி இருக்கிறது. அரசு இ.டி.ஏ. தளத்தில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் பகுதிக்குப் போய், நீங்கள் அங்கே அடித்த அதே எண்ணை, பிழையோடு, கொடுத்துப் பாருங்கள். பதிவே இல்லை என்றால் அவர்கள் அனுப்பவில்லை. பதிவு இருந்தாலும் அம்மாவின் அனுமதி பயன்படாது. பிழையான எண்ணுக்கு வந்த அனுமதி இல்லாத பாஸ்போர்ட்டுக்கு வந்த அனுமதிதான்.

இதற்குமேல் இன்றே செய்ய வேண்டியவை:

முதலில் வங்கி. அந்த டெபிட் கார்டை முடக்கிப் புதியது கேளுங்கள். கார்டு விவரம் அவர்களிடம் இருக்கிறது. பிறகு கிளை மேலாளருக்கு எழுத்து மூலமாக, இந்தப் பரிவர்த்தனையை மறுத்துப் பணத்தைத் திரும்பப் பெற விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். இதற்கு காலக்கெடு உண்டு, நாளை என்று தள்ளிப்போடாதீர்கள். "மூன்று நாளுக்குள் சொன்னால் முழுப் பணமும் வங்கி தர வேண்டும்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை. நமக்குத் தெரியாமல், நம் அனுமதி இல்லாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கானது. நீங்களே ஓ.டி.பி. போட்டுக் கட்டியதால் அது நேரடியாகப் பொருந்தாது. உங்கள் வாதம் வேறு: சொன்ன சேவை தரப்படவில்லை, அரசுத் தளம் என்று தோன்றும்படி ஏமாற்றினார்கள் என்பது. விண்ணப்பத்தில் அதையே எழுதுங்கள். வங்கி முப்பது நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம்.

அடுத்து 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண். அதில் சொல்லி, இணையத்திலும் புகாரைப் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவிலும், ஏமாற்றுதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 318ஆம் பிரிவிலும் வரும். பத்து நாள் ஆகிவிட்டதால் பணத்தை வழியிலேயே தடுத்து நிறுத்தும் வாய்ப்பு குறைவு. ஆனாலும் அந்தப் புகார் எண் வேண்டும். நாளைக்கே உங்கள் ஆதாரையோ பாஸ்போர்ட் நகலையோ வைத்து யாராவது ஏதாவது செய்தால், இன்ன தேதியிலேயே நான் புகார் கொடுத்துவிட்டேன் என்று காட்ட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

ஆதாரின் கைரேகை, கண் பதிவைச் செயலி மூலம் பூட்டிவையுங்கள். இலங்கை இ.டி.ஏ. விண்ணப்பத்துக்கு ஆதார் கேட்பதில்லை. கேட்டபோதே அது சரியான இடமில்லை என்று அடுத்த முறை தெரிந்துகொள்வீர்கள். நகல் போனதற்காக உங்கள் பாஸ்போர்ட்டை ரத்துசெய்து புதிது வாங்க வேண்டியதில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகு, எதிராளி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியிலேயே, வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்: அந்தத் தளத்தை நடத்துபவர் வெளிநாட்டில், முகவரி தெரியாமல் இருந்தால், உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்தாலும் பணத்தை வசூலிப்பது கடினம். 14,900 ரூபாய்க்காக ஒரு வழக்கறிஞரை அமர்த்திப் பல வாய்தாவுக்கு விடுப்புப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வங்கி வழியை விடாமல் பிடியுங்கள், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் போடுங்கள், அத்தோடு மனதை அம்மாவின் பயணத்துக்குத் திருப்புங்கள்.

இனி அந்தத் தளம் "பிழையைத் திருத்த மேலும் பணம் கட்டுங்கள்" என்று எழுதினால் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். பாஸ்போர்ட் சேவையின் பெயரிலும் போலித் தளங்கள் உலவுகின்றன. இந்திய அரசுத் தளம் 'ஜிஓவி புள்ளி இன்' என்று முடியும்.

படிவத்தை நிரப்பும்போது

பாஸ்போர்ட்டின் படம் உள்ள பக்கத்தில், கீழே இரண்டு நீண்ட வரிகள் இருக்கும். இடையிடையே அம்புமுனை போன்ற குறிகள். ஒவ்வொரு வரியிலும் நாற்பத்து நான்கு இடங்கள். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது அந்த இரண்டு வரிகளைத்தான். உங்கள் பெயரை அந்த இயந்திரம் எப்படிப் படிக்கிறதோ அப்படியே படிவத்தில் எழுத வேண்டும். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்குப் பின் வருவது குடும்பப் பெயர். பின் இரண்டு அம்புமுனைகள். அதற்குப் பின் சொந்தப் பெயர். உங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் பெயர் முழுதாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் படிவத்திலும் அது முழுதாக வர வேண்டும். பள்ளி வருகைப் பதிவேட்டில் எழுதுவதுபோல் முதலெழுத்தும் புள்ளியும் போட்டால் அது வேறு ஆளின் பெயராகிவிடும்.

அம்மாவுக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் இடம் காலி. தமிழ்நாட்டுப் பெண்கள் பலருக்கும் உள்ள சிக்கல் இது. பொதுவாக ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போக வேண்டும். ஆனால் அந்தந்தப் படிவத்தின் குறிப்பு வேறு விதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். காலியை நிரப்ப வேண்டுமே என்று கற்பனையாக எதையும் சேர்க்க வேண்டாம். விமான டிக்கெட்டிலும் அதே முறையில் பெயர் இருக்கட்டும். விருப்பம் இருந்தால், புதுப்பிக்கும் இந்த வேளையிலேயே பெயரை இரண்டாகப் பிரித்துத் தருமாறு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆதாரும் மற்ற தாள்களும் ஒத்துப்போக வேண்டும். எழுபத்திரண்டு வயதில் அம்மாவை அந்த அலைச்சலுக்கு ஆளாக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

எண்ணில் வந்த பிழைக்கு ஒரு எளிய வழி: இந்திய பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஒரே ஓர் ஆங்கில எழுத்து, அதன்பின் ஏழு இலக்கங்கள். ஆக இரண்டாவது இடத்திலிருந்து வட்டமாக எது வந்தாலும் அது பூஜ்யம்தான். நீங்கள் நிரப்பியதை இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க, நீங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சரிபாருங்கள். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்ப்பீர்களே, அப்படி. செல்பேசியின் சின்னத் திரையில், இரவு பதினொரு மணிக்கு, களைத்த கண்ணோடு இதைச் செய்யாதீர்கள். மின்னஞ்சல் முகவரியையும் இரண்டு முறை பாருங்கள். அனுமதி வருவது அதற்குத்தான். வந்ததும் அச்செடுத்து, எண்ணையும் பெயரையும் மீண்டும் ஒப்பிட்டு, இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் நாட்கள், போகும் வழி

சுற்றுலா இ.டி.ஏ. முப்பது நாளுக்கானது. சின்னம்மாவின் உடல்நிலையைப் பார்த்து அம்மா "இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன்" என்று சொல்லக்கூடும். அந்த நேரத்தில் மறுக்க யாருக்கும் மனம் வராது. முப்பது நாள் முடிவதற்கு முன்பே இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்தில் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அபராதம், அடுத்த விசாவுக்கும் கேள்வி. நீங்கள் பள்ளிக்குத் திரும்பிவிட்டு அம்மா மட்டும் தங்குவதாக இருந்தால், நீட்டிப்பை யார் செய்வது, திரும்பும்போது கொழும்பு வரை யார் கொண்டுவந்து விடுவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.

"வந்த கப்பலிலேயே போக முடியுமா?" என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் இப்போது இல்லை. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு பயணிகள் கப்பல் தொடங்கியது. நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. அதற்கும் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். ஆனால் காங்கேசன்துறை யாழ்ப்பாணத்துக்கு வடக்கே இருக்கிறது. அங்கிருந்து ஹட்டன் நெடுந்தூரம். கடல் சரியில்லாவிட்டால் கப்பல் ரத்தாகும். இந்த வயதில், நோயாளியைப் பார்க்கப் போகும் அவசரத்தில், மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறிக் கொழும்பு போய், அங்கிருந்து மலையேறுவதே நல்லது. ஹட்டனுக்குக் கொழும்பிலிருந்து ரயில் பாதை உண்டு. அம்மா இறங்கி வந்த அதே பாதைதான். மழையில் மண் சரிந்தால் நம் மேட்டுப்பாளையம் ரயில் நிற்பதுபோல் அதுவும் நிற்கும். கிளம்பும் வாரத்தில் சின்னம்மா வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடினால் அதிலேயே அழைத்துப் போங்கள்.

கோவையிலிருந்து புதிய பாஸ்போர்ட் தபாலில் வந்ததும், அலமாரியில் வைக்கும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, எண். அதன்பின் பிறந்த இடம் என்ற கட்டத்தில் ஹட்டன் என்று எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். பிழை இருந்தால் அன்றே எனக்கு எழுதுங்கள், திருத்தும் வழியைச் சொல்கிறேன்.